துடிப்பு தப்பும்போது: எது வெறும் தொந்தரவு, எது ஆபத்து?

இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துக்கொண்டு, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் வலது கையின் மூன்று விரல்களை மெல்ல அழுத்தினால் நாடி தட்டுப்படும். பெரும்பாலோர் 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கிவிடுவார்கள். துடிப்பு சீராக இருப்பவருக்கு அது போதும். தாளம் தப்புகிறதா என்று பார்க்க நினைப்பவர் முழுதாக 60 வினாடி எண்ண வேண்டும். எண்ணிக்கையைவிட, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் கவனம் இருக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் மூன்று விதமான ஒழுங்கின்மை தென்படலாம். முதலாவது மூச்சோடு சேர்ந்து வருவது. மூச்சை இழுக்கும்போது நாடி வேகமாகும், விடும்போது நிதானமாகும். சிறுவர்களிடமும் இளைஞர்களிடமும் இது சகஜம். நோயே அல்ல, சொல்லப்போனால் ஆரோக்கியத்தின் அடையாளம். இரண்டாவது, சீராகப் போய்க்கொண்டிருக்கும் நாடியில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், அல்லது வராமல் போனது போலிருக்கும். பிறகு சற்று நீண்ட இடைவெளி, மறுபடியும் பழைய சீர். மூன்றாவதில் எந்த இரண்டு இடைவெளியும் ஒன்றுபோல் இருக்காது. அடியின் பலமும் கூடிக் குறையும். தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல, அடுத்தது எப்போது என்று ஊகிக்கவே முடியாது.

ஆட்களை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓடவைப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. பக்கவாதத்தில் கொண்டுபோய் விடுவது மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பலர் உணர்வதே இல்லை. நெஞ்சு எவ்வளவு படபடக்கிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இதயத்தின் வலது மேலறையின் மேற்பகுதியில் சைனஸ் கணு என்ற சிறு தசைத் திட்டு இருக்கிறது. ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இருவர் 1907இல் இதை விவரித்தார்கள். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பைத் தொடங்கிவைப்பது இதன் வேலை. அந்த மின்னலை இரண்டு மேலறைகளிலும் பரவி, மேலறைகளும் கீழறைகளும் சந்திக்கும் இடத்திலுள்ள ஏவி கணுவுக்கு வருகிறது. 1906இல் ஜப்பானியரான சுனாவோ தவாரா விளக்கிய இந்தக் கணு, அலையை நொடியின் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதப்படுத்தி, பிறகுதான் கீழே விடும். மேலறை ரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்க அந்த அவகாசம் தேவை. இந்தத் தாமதிக்கும் குணம் பின்னால் முக்கியமாகும்.

முந்திக்கொண்டு வரும் துடிப்பு எப்படி உண்டாகிறது? சைனஸ் கணு சொல்லும் முன்பே மேலறையிலோ கீழறையிலோ உள்ள வேறொரு திசு தானாகவே ஒரு துடிப்பைத் தொடங்கிவிடுகிறது. மருத்துவர்கள் இதை எக்டோபிக் என்பார்கள். கீழறையில் தொடங்கினால் விபிசி அல்லது பிவிசி என்று அறிக்கையில் இருக்கும். இதயம் நிரம்புவதற்குள் வந்துவிடுவதால் இந்தத் துடிப்பு தள்ளும் ரத்தம் கொஞ்சம்தான். மணிக்கட்டுவரை அது எட்டாமலே போகலாம். அதனால்தான் நாடியில் ஒன்று விட்டுப்போனது போலிருக்கிறது. அதன்பின் வரும் நீண்ட இடைவெளியில் கீழறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்பிவிடும். அடுத்த துடிப்பு அத்தனையையும் ஒரே மூச்சில் தள்ளும்போது நெஞ்சுக்குள் தொபுக்கென்று ஒரு குத்து. ஆக, நாம் பயப்படுவது தப்பிய துடிப்பைக் கண்டு அல்ல, அதற்குப் பின் வந்த நல்ல துடிப்பைக் கண்டுதான்.

நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கும் இதயத்தில் இப்படிச் சில எல்லோருக்கும் வரும். படுக்கும்போது, அதிலும் இடது பக்கம் சாய்ந்து படுக்கும்போது, அதிகம் தெரிவதற்குக் காரணம் இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்கியிருப்பதும் கவனம் சிதற வேறெதுவும் இல்லாததும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் வரலாம் என்பதால் நம் வீடுகளில் இதற்கு 'வாயு' என்று பெயர் வைத்து, பூண்டும் பெருங்காயமும் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். எக்டோபிக் விஷயத்தில் அந்த அலட்சியம் பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் அதே 'வாயு' மாரடைப்புக்கும் வைக்கப்படும் பெயர் என்பதுதான் சிக்கல்.

எக்டோபிக்கை மாத்திரையால் அடக்கிவிட்டால் என்ன என்ற கேள்வி நியாயமானது. மருத்துவ உலகம் அதைச் செய்தும் பார்த்தது. மாரடைப்பு வந்தவர்களுக்குக் கீழறை எக்டோபிக் அதிகம் இருந்தால் சாவும் அதிகம் என்று தெரிந்திருந்தது; எனவே எக்டோபிக்கைக் குறைத்தால் சாவு குறையும் என்று நம்பினார்கள். அதைச் சோதித்த காஸ்ட் ஆய்வு 1989இல் பாதியில் நிறுத்தப்பட்டது. என்கெய்னைட், ஃப்ளெக்கெய்னைட் கொடுக்கப்பட்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். மாத்திரை எக்டோபிக்கை நன்றாகவே அடக்கியது. காயம்பட்ட இதயத்தில் அதைவிடக் கொடிய தாளக்கேட்டையும் கிளப்பிவிட்டது. 'கொஞ்சம் எக்டோபிக் இருக்கிறது, மருந்து வேண்டாம்' என்று மருத்துவர் சொன்னால் அது கவனக்குறைவல்ல. அதற்குப் பின்னால் இந்தக் கசப்பான பாடம் இருக்கிறது.

அப்படியானால் எப்போது கவலைப்பட வேண்டும்? இரண்டு கேள்விகள் போதும். இதயத்தின் அமைப்பு சரியாக இருக்கிறதா என்பதை எக்கோ என்ற ஒலியலைச் சோதனை சொல்லும். நாளில் எத்தனை எக்டோபிக் என்பதை ஹோல்டர் என்ற 24 மணி நேர இசிஜி பதிவு சொல்லும். எக்கோ நன்றாக இருந்து, மொத்தத் துடிப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மட்டுமே எக்டோபிக் என்றால் காபி, தூக்கமின்மை, மது, மன அழுத்தம் இவற்றைப் பார்த்துக்கொண்டால் போதும். நூற்றுக்குப் பத்தைத் தாண்டினால், அதாவது நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் போனால், காலப்போக்கில் அதுவே கீழறையைப் பலவீனமாக்கக்கூடும். அவ்வப்போது எக்கோ எடுத்துக் கண்காணிக்க வேண்டும். தேவைப்பட்டால் அந்தத் திசுவைத் தேடிப்பிடித்துச் சுட்டுவிடும் அப்லேஷன் சிகிச்சையும் உண்டு.

இனி மூன்றாவது வகை. இதன் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மருத்துவர்கள் பேச்சில் 'ஏஎஃப்'. எப்போதும் தாறுமாறாக ஓடும் இந்த நாடியை மருத்துவர்கள் நெடுங்காலமாகவே அறிவார்கள். அது மேலறையின் நடுக்கத்தால் வருவது என்று 1909இல் லண்டனில் தாமஸ் லூயிஸ் இசிஜியைக் கொண்டு காட்டினார்.

ஏஎஃப்பில் மேலறை சுருங்குவதில்லை, நடுங்குகிறது. நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை சிதறிய மின்னலைகள் அங்கே சுற்றுகின்றன. அத்தனையும் கீழே இறங்கினால் ஆள் நிமிடங்களில் இறந்துவிடுவார். ஏவி கணுவின் தாமதிக்கும் குணம்தான் காப்பாற்றுகிறது. வருவதில் பாதிக்கும் மேல் அங்கேயே தடுக்கப்பட்டு, மீதி ஒழுங்கில்லாமல் 110, 140, 160 என்று கீழே வருகிறது. நாடி தூறல்போல் இருப்பது இதனால்தான். 1998இல் பிரான்சின் போர்டோ நகரில் மிஷெல் ஐசகேர் குழுவினர், இந்தச் சிதறலைத் தொடங்கிவைக்கும் பொறி பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு வரும் சிரைகளின் வாயிலில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். இன்றைய அப்லேஷன் அந்த வாயில்களைச் சுற்றி வேலி போடுவதுதான்.

ஆபத்து படபடப்பில் இல்லை, தேங்கும் ரத்தத்தில் இருக்கிறது. இடது மேலறையின் ஓரத்தில் விரல்நுனி போன்ற ஒரு சிறு பை உண்டு. மேலறை சுருங்காதபோது அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. வால்வு நோய் இல்லாத ஏஎஃப்பில் உருவாகும் ரத்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பது அங்கேதான் இருக்கின்றன. அதிலிருந்து ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு மகாதமனி வழியாக மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவருக்கு அந்த வாய்ப்பு மற்றவரைவிடச் சுமார் ஐந்து மடங்கு என்று அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஆய்வு காட்டியது. வரும் கட்டி பெரியது என்பதால் பாதிப்பும் பெரிது. ஏஎஃப் விட்டுவிட்டு வந்தாலும் இந்த ஆபத்து உண்டு. 'இப்போது நாடி சரியாகிவிட்டதே' என்று மருந்தை நிறுத்துவது மிகப் பொதுவான தவறு.

ஏஎஃப் வந்த எல்லோருக்கும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டுமா? வேண்டியதில்லை. மருத்துவர்கள் ஒரு மதிப்பெண் கணக்குப் போடுவார்கள். இதயச் செயலிழப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், மாரடைப்பு போன்ற ரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வரையான வயது என ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வயது 75 ஆகிவிட்டாலோ முன்பே பக்கவாதம் வந்திருந்தாலோ இரண்டு. பழைய கணக்கில் பெண் என்பதற்கும் ஒன்று சேர்த்தார்கள். 2024 ஐரோப்பிய வழிகாட்டி அதை விட்டுவிட்டது. இரண்டோ அதற்கு மேலோ வந்தால் மருந்து தேவை, ஒன்று என்றால் பேசி முடிவெடுக்கலாம். இந்தக் கணக்கில் படபடப்பு எவ்வளவு என்ற கேள்வியே இல்லை என்பதைக் கவனிக்கவும். ஆஸ்பிரின் இதற்கு மாற்றல்ல. ரத்தக் கசிவு ஆபத்தைக் கூட்டும் அளவுக்கு அது இந்தக் கட்டியைத் தடுப்பதில்லை.

ஒரு விதிவிலக்கு நம் நாட்டுக்கு முக்கியமானது. சிறுவயதில் தொண்டைப்புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிடும். அப்படிப்பட்டவருக்கு ஏஎஃப் வந்தால் மதிப்பெண் கணக்கே கிடையாது. முப்பது வயதானாலும் மருந்து கட்டாயம். அதுவும் ரிவராக்ஸபான் போன்ற புதிய மருந்துகள் அல்ல, பழைய வார்ஃபரின் அல்லது அதன் இனமான அசினோகுமரால்தான். 2022இல் வெளியான, இந்தியாவும் பங்கேற்ற இன்விக்டஸ் ஆய்வில் ருமாட்டிக் நோயாளிகளிடம் ரிவராக்ஸபானைவிடப் பழைய மருந்தே மேல் என்று தெரிந்தது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இதே விதி.

பழைய மருந்தோடு வாழ்வது ஒரு கலை. ரத்தம் உறையும் வேகத்தை ஐஎன்ஆர் என்ற எண்ணால் பார்ப்பார்கள். ஏஎஃப்புக்கு 2க்கும் 3க்கும் நடுவே நிற்க வேண்டும். 2க்குக் கீழே போனால் கட்டி, 4ஐத் தாண்டினால் ரத்தக் கசிவு. இந்த மருந்து வேலை செய்வது வைட்டமின் கே சுழற்சியை மறித்து; கீரையில் நிறைந்திருப்பதும் அதே வைட்டமின் கே. 'கீரையே தொடாதீர்கள்' என்று சொல்லி அனுப்புவது தேவையற்ற கண்டிப்பு. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிடுபவர் எப்போதும் இரண்டு நாள் சாப்பிடலாம். மருந்தின் அளவு அதற்கேற்ப அமைந்துவிடும். ஆபத்து திடீர் மாற்றத்தில் இருக்கிறது. புரட்டாசி பிறந்ததும் அசைவத்தை விட்டுத் தினமும் கீரை என்று மாறினால் ஐஎன்ஆர் இறங்கும். வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஒரு வாரம் கஞ்சி மட்டும் குடித்தால் ஏறும். கிருமித்தொற்றுக்கும் பூஞ்சைத்தொற்றுக்கும் கொடுக்கும் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூக்கனசோல் மூன்றும் ஐஎன்ஆரை நன்றாக ஏற்றிவிடும். மருந்துக்கடையில் மூட்டுவலிக்குக் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐஎன்ஆரைப் பெரிதாக மாற்றாமலே வயிற்றில் ரத்தம் கசியவைக்கும். இடுப்பில் போடும் ஊசியும் வேண்டாம். தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும்.

இந்தப் பழைய மருந்தை ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றே நினைவு வரும்போது போட்டுக்கொள்ளலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டாகப் போடக்கூடாது.

புதிய மருந்துகளுக்கு ஐஎன்ஆர் பார்க்க வேண்டாம், கீரைக் கவலையும் இல்லை. ஆனால் அவற்றுக்கும் தனித்தனிப் பிடிவாதங்கள் உண்டு. ரிவராக்ஸபான் 20 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. டாபிகட்ரான் கேப்ஸ்யூலைத் திறந்து தண்ணீரில் கரைத்துக் கொடுக்கக் கூடாது. ஈரம் பட்டால் கெடும் என்பதால் வாராந்திர மாத்திரை டப்பாவில் பிரித்துப் போடவும் கூடாது. அபிக்ஸபான் 5 மி.கி. காலை, மாலை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு பொருந்தினால்தான் அது 2.5 ஆகக் குறையும். நம் ஊரில் 55 கிலோ எடையுள்ள பாட்டிகள் ஏராளம்; எடையை மட்டும் பார்த்துப் பாதியாக்கிவிட்டால் பாதுகாப்பும் பாதியாகும். எதுவாக இருந்தாலும் சிறுநீரகச் சோதனை ஆண்டுக்கு ஒருமுறையாவது வேண்டும். புதிய மருந்துகளின் பலன் ஒரு நாளுக்குள் இறங்கிவிடும் என்பதால் இரண்டு வேளை தவறினால் காவலே இல்லை.

பக்கவாதத்துக்கு அணை போட்ட பிறகுதான் துடிப்பைப் பற்றிய பேச்சு. இரண்டு வழிகள். ஏஎஃப்பை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் குறைப்பது ஒன்று. மெட்டோப்ரோலால், டில்டியாசெம் போன்றவை ஏவி கணுவின் தடுப்பை இன்னும் இறுக்கும். ஓய்வில் 110க்குக் கீழ் இருந்தாலே பலருக்குப் போதும் என்று 2010இல் வந்த ரேஸ் 2 ஆய்வு காட்டியது. மருந்தாலோ மின்அதிர்ச்சியாலோ அப்லேஷனாலோ பழைய தாளத்துக்கே கொண்டுவருவது இன்னொன்று. நெடுங்காலம் இரண்டும் சமம் என்றே கருதப்பட்டது. நோய் கண்ட ஓராண்டுக்குள் தாளத்தைத் திருப்ப முயன்றால் பலன் கூடுதல் என்று 2020இல் ஈஸ்ட் ஆய்வு சொன்னபிறகு காற்று அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: ஏஎஃப் தொடங்கி 48 மணி நேரம் (2024 ஐரோப்பிய வழிகாட்டியின்படி 24 மணி நேரம்) தாண்டியிருந்தால் உடனே மின்அதிர்ச்சி கொடுக்க மாட்டார்கள். மூன்று வாரம் உறைவுத் தடுப்பு மருந்து கொடுத்த பிறகு, அல்லது உணவுக்குழாய் வழி எக்கோவில் கட்டி இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் கொடுப்பார்கள். மேலறை மறுபடி சுருங்கத் தொடங்கும்போதுதான் பழைய கட்டி தெறித்துக் கிளம்பும்; அதனால் அதன் பின்னும் நான்கு வாரம் மருந்து உண்டு.

ஏஎஃப் ஏன் வந்தது என்று தேடுவதும் சிகிச்சையில் பாதி. ரத்தக் கொதிப்பு முதல் குற்றவாளி. தைராய்டு மிகுதியாகச் சுரக்கிறதா என்று ஒரு ரத்தச் சோதனை அவசியம். உரக்கக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று போகும் நோய் இருக்கலாம். அதைக் கவனிக்காமல் செய்யும் அப்லேஷன் நிலைப்பதில்லை. விடுமுறையில் வரைமுறையின்றிக் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை படபடப்போடு வருபவர்களைக் கண்டு 1978இலேயே 'விடுமுறை இதயம்' என்று பெயரிட்டார்கள்.

படபடப்பில் இன்னொரு வகையும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லலாம். சுவிட்ச் போட்டதுபோல் திடீரென்று தொடங்கி, 160, 180, 200 என்று ஓடி, திடீரென்று நிற்கும். ஆனால் தாளம் சீராக இருக்கும். இது எஸ்விடி, இளவயதுப் பெண்களிடம் அதிகம், 'டென்ஷன்' என்று சொல்லி அனுப்பப்படுவதும் அதிகம். இதை நிறுத்த ஒரு எளிய முறை உண்டு: ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சின் வாயில் வாய் வைத்து, உள்ளே உள்ள தண்டு நகரும் அளவுக்கு 15 வினாடி ஊத வேண்டும். ஊதி முடித்ததும் உடனே மல்லாக்கப் படுக்கவைத்து, இரு கால்களையும் 45 டிகிரி உயர்த்தி இன்னொரு 15 வினாடி பிடிக்க வேண்டும். 2015இல் வெளியான ரிவர்ட் ஆய்வில் இந்த முறை நூற்றுக்கு 43 பேருக்குத் தாளத்தைத் திருப்பியது. காலை உயர்த்தாத பழைய முறையில் 17 பேர். முதல்முறை வருபவர் இதை மருத்துவமனையில் செய்வதே நல்லது.

எந்த வகையானாலும் நோயைப் பிடித்துத் தருவது இசிஜிதான், அதிலும் படபடப்பு இருக்கும்போதே எடுத்த இசிஜி. ஒரு தாள் காட்டுவது சுமார் 10 வினாடி மட்டுமே. 'இசிஜி நார்மல்' என்றால் அந்தப் பத்து வினாடி நார்மல் என்று பொருள். எனவே படபடப்பு வரும்போது தூரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது நின்றுவிடுவதைவிட, தெருமுனைக் கிளினிக்கில் ஒரு இசிஜி எடுத்துக்கொள்வது மேல். எடுத்ததும் தாளைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளவும். அது வெப்பத்தால் அச்சாகும் தாள். சில ஆண்டுகளில் வெளுத்துவிடும், சூடாக லேமினேட் செய்தால் மொத்தமும் கறுத்துவிடும். வீட்டு பிபி கருவியில் தோன்றும் தாளக்கேட்டுக் குறியீடு எக்டோபிக்குக்கும் வரும். அதை வைத்து ஏஎஃப் என்று முடிவு செய்ய முடியாது. ஏஎஃப் உள்ளவருக்கு அந்தக் கருவி ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும். மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பதுதான் வழி. கைக்கடிகாரம் எச்சரித்தாலும் இசிஜி எடுத்து உறுதிசெய்த பிறகுதான் மருந்து.

காத்திருக்கக் கூடாதவை சில. படபடப்போடு மயங்கி விழுவது, உடற்பயிற்சியின் நடுவே மயக்கம், நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், குடும்பத்தில் 40 வயதுக்குள் காரணம் தெரியாத திடீர் மரணம். மாரடைப்பு வந்து பம்பிங் குறைந்த இதயம் உள்ளவருக்கு எந்தப் படபடப்பும் சாதாரணமல்ல.

ஏஎஃப் உள்ளவருக்கு வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ அழைத்துச் சிடி ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். அங்கே இரண்டு கேள்விகள் கேட்பார்கள். கடைசியாக நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்? கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டார்? புதிய மருந்து 48 மணி நேரத்துக்குள் உள்ளே போயிருந்தாலோ ஐஎன்ஆர் 1.7ஐத் தாண்டியிருந்தாலோ அந்த ஊசியைப் பொதுவாகத் தவிர்த்து, குழாய் விட்டுக் கட்டியை எடுக்கும் வழியைப் பார்ப்பார்கள். ஆம்புலன்ஸில் பதறிக்கொண்டு வரும் மகனுக்கோ மகளுக்கோ இந்த இரண்டாவது பதில் தெரிந்திருப்பதில்லை. மாத்திரை அட்டையின் பின்புறம் பேனாவால் தேதியும் நேரமும் குறித்துவைத்து, அந்த அட்டையையே கையோடு எடுத்துப் போனால் போதும்.